கழுதை நடந்த மலைப்பாதை

'புதையல் தீவு' எழுதிய ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன், 1878இல் மொடெஸ்தின் என்ற கழுதையின் முதுகில் மூட்டையை ஏற்றி, தென் பிரான்ஸின் செவென் மலைகளை 12 நாளில் நடந்து கடந்தார். அவர் போன வழி இன்று 'ஜிஆர் 70' என்ற நடைபாதை.

பாறையிலும் மரத்திலும் வெள்ளை, சிவப்புக் கோடுகள் வழி காட்டுகின்றன. பிறகு வழிகாட்டி எதற்கு? ஊர்க்கதை சொல்லத்தான். சரிவெங்கும் படிபோல் அடுக்கிய கல்சுவர்கள், ஒரு காலத்தில் மண்ணைப் பிடித்து நிறுத்திய விளைநிலங்கள். அங்கே செஸ்ட்நட் மரத்துக்கு 'ரொட்டி மரம்' என்றே பெயர். அதன் கொட்டைதான் ஏழைகளின் சாப்பாடு. காசு தந்தது பட்டுப்புழு. அதற்கும் நோய் வந்தது. லூயி பாஸ்டர் 1865இல் அலேஸ் நகருக்கு வந்து ஆராய்ந்து வழி சொன்னார். ஆனாலும் பழைய செழிப்பு திரும்பவில்லை. பிழைப்புத் தேடி மக்கள் மலை இறங்கினார்கள்.

இன்று அந்தக் கிராமத்து விடுதிகளுக்கும் ரொட்டிக் கடைகளுக்கும் நடந்து வருகிறவர்களாலும் வியாபாரம் நடக்கிறது. ஆகவே, போனால் மதியச் சாப்பாட்டை ஊர்க்கடையிலேயே வாங்குங்கள். பெட்டியை வேனில் அனுப்பிவிடலாம். ஆசைப்பட்டால் கழுதையும் வாடகைக்குக் கிடைக்கும். கிளம்புவதற்கு முன் மாடிப்படி இறங்கிப் பழகுங்கள். ஏற்றத்தைவிட இறக்கம்தான் முழங்காலைப் பதம் பார்க்கும்!