இராஜபாளையத்துச் சாலைக்கு எந்த ஷாக்?

திருமங்கலத்தில் பிரிந்து ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாக ஆரியங்காவுக் கணவாய் ஏறிக் கொல்லம் சேரும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் அடிக்கடி பிரயாணம் செய்கிறவர்களுக்கு, காரின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் உழைக்கும் சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் எத்தனை அவசியமானவை என்பதை இடுப்பே உபதேசித்துவிடும். கார்ப் பிரியர்களான இளைஞர்கள் சிலர் அந்தப் பழைய ஜோடியைக் கழற்றிவிட்டு ‘காயிலோவர்’ மாட்ட ஆசைப்படுகிறார்கள். ஆசை தவறன்று, ஆனால் விஷயத்தைத் தெரிந்துகொண்டு செலவழிப்பது நல்லது.

பாரத்தைத் தாங்குவதும் பள்ளத்தில் இறங்கும் சக்கரத்தின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதும் வில்லின் காரியம். வாங்கிய சக்தியை வில் திருப்பிக் கொடுக்காமல் இராது. அப்போது வண்டி துள்ளிக்கொண்டே போகாதபடி, எண்ணெயைச் சிறு துவாரங்களின் வழியே நெருக்கிச் செலுத்தி, அந்த ஆட்டத்தை உஷ்ணமாக மாற்றிக் கரைத்துவிடுவது ஷாக்கின் காரியம். நம் பாட்டன்மார் ஏறிச் சென்ற வில்வண்டியில் ஷாக் ஏது? இரும்புப் பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதே அங்கே ஆட்டத்தை ஓரளவு அடக்கிற்று. அந்தப் பட்டைகளை, ஷாக்கைத் துணைக்கு வைத்துக்கொண்டு, 2014-இல் உற்பத்தி நின்றுபோகும் வரையில் அம்பாஸடர் கார் தன் பின்புறத்தில் சுமந்துகொண்டிருந்தது.

காயிலோவர் புதிய தத்துவமும் அன்று. ஷாக்கைச் சுற்றியே சுருள்வில்லை அமைத்து இரண்டையும் ஒரே உறுப்பாக்கும் ஏற்பாட்டை, ஏர்ல் மெக்ஃபர்ஸன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வகுத்த முறையில், 1983-இல் வந்த மாருதி 800 முதல் இன்றைய சிறு கார்கள் வரை முன்சக்கரங்களில் காணலாம். பின்சக்கரங்களில்தான் பெரும்பாலும் வில் தனியாகவும் ஷாக் தனியாகவும் நிற்கின்றன. கடையில் காயிலோவர் என்று விற்பதன் விசேஷம் அதன் உடலில் வெட்டியுள்ள மரையில் இருக்கிறது. வளையத்தைத் திருகினால் வண்டி தாழும், அல்லது உயரும். சிலவற்றில் குமிழைத் திருப்பி எண்ணெயின் எதிர்ப்பையும் கூட்டிக் குறைக்கலாம். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலோ கோயமுத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ வளைவுக்கு வளைவு நொடிகளை எண்ணுகிறவனுக்கு இது வரப்பிரசாதம் என்பதில் சந்தேகமில்லை.

இராஜபாளையத்துச் சங்கதி வேறு. கிழக்கே கரிசல் பூமி; மழையில் உப்பி, வெயிலில் சுருங்கி வெடிக்கும் அந்த மண்மீது போட்ட தார்ச்சாலை நாளடைவில் அலையலையாக நெளிவது இயல்பு. வேகத்தடைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதித்திருக்கும் உயரம் 10 சென்டிமீட்டர். (விதியைப் படித்துப் பார்த்துத்தான் எல்லா ஊரிலும் கட்டுகிறார்களா என்று கேட்காதீர்கள்.) சிறு கார்களின் தரை இடைவெளி ஏறக்குறைய 16 அல்லது 17 சென்டிமீட்டர், அதில் 4 சென்டிமீட்டரைக் குறைத்து, கார்த்திகை மாதத்தில் ஐந்து சாமிமார்களையும் அவர்களுடைய மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டு செங்கோட்டை வழியே மலைக்குப் புறப்பட்டால் மிச்சம் என்ன என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். சேறும் தூசும் படிந்த மரை துருப்பிடித்து இறுகிவிட்டால், பன்மடங்கு விலை கொடுத்து வாங்கிய அந்தச் சௌகரியமும் பிரயோஜனமற்றுப் போகிறது.

ஆகவே குடும்பத்தோடு போய்வரும் சாமானியருக்கு, கம்பெனி வகுத்த வில்லும் நல்ல ஷாக்குமே உசிதம் என்பது என் அபிப்பிராயம். வண்டியின் ஒரு மூலையை அழுத்திவிட்டுப் பாருங்கள். ஒருமுறை எழும்பி அடங்காமல் மேலும் மேலும் ஆடினால், அல்லது ஷாக்கின் மேல் எண்ணெய் கசிந்திருந்தால், அது தீர்ந்துவிட்டது. ஒன்றை மட்டும் மாற்றாமல் இடமும் வலமும் சேர்த்தே மாற்ற வேண்டும். வண்டியைத் தாழ்த்துவதற்காக வில்லை அறுப்பது அபாயம். உயர்த்துவதற்காகச் சுருளின் இடையே ரப்பர் பஃபரைச் செருகுவதோ, வில்லைக் கடினமாக்கி, அதை அடக்க முடியாதபடி ஷாக்கைத் திணறச் செய்யும். காயிலோவர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள், உயரத்தை அமைத்த அன்றைக்கே வீல் அலைன்மென்ட் பார்த்துவிட வேண்டும். இல்லையேல் குற்றாலத்துச் சீசன் முடிவதற்குள் டயரின் உள்விளிம்பு மொட்டையாகிவிடும்.