இதயத்துக்கு ஓய்வு கொடுத்தால்

அவருடைய மணிக்கட்டில் விரல் வைத்தால் நாடி தட்டுப்படுவது கடினம். வழக்கமான பி.பி. கருவி தடுமாறும். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் ‘லப்-டப்’ ஓசையை மீறி ஒரு மோட்டாரின் இடைவிடாத ரீங்காரம் கேட்கும். ஆனால் அவர் நன்றாகப் பேசுகிறார், நடக்கிறார், சாப்பிடுகிறார். இடுப்பில் ஒரு கண்ட்ரோலர், தோளோடு மாட்டிய பையில் இரண்டு பேட்டரிகள். வயிற்றுத் தோலைத் துளைத்துக்கொண்டு ஒரு கேபிள் உள்ளே போகிறது. தூங்கும்போது சுவரில் உள்ள மின் இணைப்பு, வெளியே கிளம்பினால் பேட்டரி. இப்படி வாழ்பவர்களின் மார்புக்குள் இருக்கும் பம்ப்பை மருத்துவர்கள் ‘எல்வேட்’ என்று அழைக்கிறார்கள். இதயத்தின் இடது கீழறைக்குத் துணைநிற்கும் கருவி அது.

உடல் முழுவதற்கும் ரத்தத்தை அனுப்பும் வேலை இடது கீழறையுடையது. நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர், நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் துடிப்பு. மாரடைப்பாலோ இதயத்தசை நோயாலோ அந்த அறை பலவீனமானால், அது விரிந்து, பலூன் போல் மெலிந்து, கடைசியில் மருந்துக்கும் கட்டுப்படாத நிலைக்கு வருகிறது. அப்போது அறுவை மருத்துவர் இதயத்தின் நுனியில் வட்டமாக ஒரு துளையிட்டுப் பம்ப்பைப் பொருத்துகிறார். பம்ப் அறையில் இருக்கும் ரத்தத்தை உறிஞ்சி, ஒரு குழாய் வழியாகப் பெருந்தமனிக்குத் தள்ளுகிறது. இன்று அதிகம் பயன்படும் ஹார்ட்மேட் 3 கருவியில், சுழலும் பாகம் எதையும் தொடாமல் காந்த விசையில் மிதந்தபடியே சுழல்கிறது. உரசல் இல்லாததால் ரத்த அணுக்கள் நசுங்குவது குறைகிறது, உள்ளே ரத்தம் உறைவதும் குறைகிறது. ஆனால் கேபிள் நுழையும் இடத்தில் தொற்று, ரத்தக்கசிவு, பக்கவாதம் ஆகிய ஆபத்துகள் இன்னும் போகவில்லை.

பழைய தலைமுறைக் கருவியை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2001-இல் வெளியிட்ட ஆய்வில் 129 நோயாளிகள் இருந்தார்கள். மருந்து மட்டும் எடுத்தவர்களில் ஓராண்டு உயிரோடு இருந்தவர்கள் 25 சதவீதம், பம்ப் பொருத்தியவர்களில் 52 சதவீதம். மாற்று இதயத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு முன்பே பயன்பட்ட இந்தக் கருவி, மாற்று இதயமே பொருத்த முடியாதவர்களுக்கும் அன்றுமுதல் ஒரு வழியாயிற்று.

இதற்கிடையே மருத்துவர்கள் எதிர்பாராத ஒன்றைக் கவனித்தார்கள். சில நோயாளிகளுக்கு, பம்ப் சுமையை ஏற்றுக்கொண்ட சில மாதங்களில், விரிந்த இதயம் சுருங்கிப் பழைய வடிவத்தை நோக்கித் திரும்பியது. எலும்பு முறிந்தால் கட்டுப்போட்டு அசையாமல் வைக்கிறோம். இதயத்துக்கு அப்படி ஓர் ஓய்வு அதுவரை கிடைத்ததே இல்லை. இங்கிலாந்தின் ஹேர்ஃபீல்டு மருத்துவமனையில் மக்தி யாக்கூப், எம்மா பர்க்ஸ் குழு இந்த ஓய்வோடு குறிப்பிட்ட மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்தது. 2006-இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, 15 பேரில் 11 பேருக்குப் பம்ப்பைக் கழற்ற முடிந்தது. அந்த 15 பேரும் மாரடைப்பு இல்லாமல் தசை கெட்டவர்கள், கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். பொதுவாகப் பார்த்தால், கருவியைக் கழற்றுமளவு தேறுபவர்கள் இன்றும் மிகச் சிலரே.

அந்தச் சிலரைப் பலராக்க ஸ்டெம் செல் உதவுமா? நான் மிகவும் மதிக்கும் கேள்வி இது. கேட்ட ஆய்வாளர்கள் அதைச் சோதிக்கும் விதத்தையும் யோசித்துக் கேட்டிருக்கிறார்கள். எல்வேட் பொருத்த நெஞ்சைத் திறக்கத்தான் போகிறார்கள், செல்களை நேரே இதயத்தசைக்குள் ஊசியால் ஏற்றிவிடலாம். பிறகு பம்ப்பின் வேகத்தைச் சற்று நேரம் குறைத்து, இதயம் தானாகத் தாங்குகிறதா என்று எக்கோவில் பார்க்கலாம். பின்னாளில் மாற்று இதயம் பொருத்தினால், வெளியே எடுத்த பழைய இதயத்தை நுண்ணோக்கியின் கீழ் வைத்துத் தேடலாம். வேறு எந்த நோயாளியிடமும் இத்தனை வாய்ப்பு கிடைக்காது.

முதலில் 30 பேரிடம் சிறிய அளவில் செய்து பார்த்தார்கள். 2014-இல் வந்த முடிவு நம்பிக்கை தந்தது. அடுத்து 159 பேர். ஆரோக்கியமான கொடையாளரின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த செல்கள், ஒருவருக்கு 15 கோடி. மூன்றில் ஒரு பங்கினருக்குச் செல் இல்லாத திரவம் மட்டும். ஆறு மாதத்துக்குள் மூன்று முறை பம்ப்பைத் தணித்துச் சோதித்தார்கள். 2019-இல் வந்த விடை: செல் பெற்றவர்கள் 61 சதவீத முறை தாங்கினார்கள், பெறாதவர்கள் 58 சதவீத முறை. பாதுகாப்பில் குறை இல்லை, பலனும் இல்லை.

இந்த விடையில் பலரும் தாண்டிப்போகும் எண் அந்த 58. செல்லே பெறாத இதயங்கள் பாதிக்கு மேற்பட்ட முறை தற்காலிகமாகவேனும் தாங்கியிருக்கின்றன. அது பம்ப் தந்த ஓய்வின் பங்கு என்றே நான் வாசிக்கிறேன்.

இதயத்துக்கான ஸ்டெம் செல் துறைக்கு ஒரு கசப்பான பின்கதையும் உண்டு. எலும்பு மஜ்ஜைச் செல்கள் எலிகளின் இதயத்தில் புதுத் தசையாக மாறின என்று 2001-இல் பியரோ அன்வெர்சா குழு அறிவித்தது. 2004-இல் வேறு ஆய்வகங்கள் செய்து பார்த்தபோது அப்படி எதுவும் நடக்கவில்லை. 2018-இல் ஹார்வர்டு, அவரது ஆய்வகத்தின் 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறச் சொன்னது. அதற்குள் எத்தனையோ நோயாளிகள் அந்த நம்பிக்கையின் பேரில் ஊசி போட்டுக்கொண்டுவிட்டார்கள். இந்தியாவில் ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது: ரத்த நோய்கள் போன்ற அங்கீகரிக்கப்பட்ட சிலவற்றைத் தவிர மற்றெல்லா ஸ்டெம் செல் பயன்பாடும் ஆராய்ச்சிதான், அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே தரக் கூடாது. இதயத்துக்கு ஸ்டெம் செல் என்று காசு கேட்கும் விளம்பரத்தைப் பார்க்கும் குடும்பங்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இதயத்தசை தானாகப் புதுப்பித்துக்கொள்ளுமா என்ற அடிப்படைக் கேள்விக்கு விடை கிடைத்தது, அணுகுண்டுச் சோதனைகளின் மிச்சத்திலிருந்து. அவை காற்றில் கலந்த கார்பன்-14, அன்று உருவான செல்களின் டி.என்.ஏ.வில் பதிந்துபோனது. அதை அளந்தால் செல்லின் வயது தெரியும். சுவீடனின் யோனாஸ் ஃபிரிசேன் குழு 2009-இல் இதைச் செய்து காட்டியது: 25 வயதில் ஆண்டுக்கு ஒரு சதவீதத் தசைச் செல் புதிதாகிறது, 75 வயதில் அதில் பாதிக்கும் குறைவு. அதே முறையை எல்வேட் நோயாளிகளிடம் பயன்படுத்திய ஆய்வு அண்மையில் வெளிவந்தது. செயலிழந்த இதயத்தில் இந்தப் புதுப்பிப்பு ஆரோக்கியமான இதயத்தைவிடக் குறைவு. ஆனால் பம்ப் பொருத்திய பிறகு நன்றாகத் தேறியவர்களிடம், அது ஆரோக்கியமான இதயத்தைவிட ஆறு மடங்குக்கும் மேல். எல்லோருக்கும் அப்படி ஏறவில்லை. ஏன் சிலருக்கு மட்டும் என்பதுதான் இப்போதைய தேடல்.

ஸ்டெம் செல் பக்கமும் வேலை நிற்கவில்லை. ஜெர்மனியின் கோட்டிங்கன் குழு, ஸ்டெம் செல்லிலிருந்து துடிக்கும் தசையையே ஆய்வகத்தில் வளர்த்து, ஒட்டுப்போல் இதயத்தின் மேல் தைக்கிறது. 46 வயதுப் பெண் ஒருவருக்கு அப்படித் தைத்து, மூன்று மாதம் கழித்து மாற்று இதயம் கிடைத்தது. வெளியே எடுத்த பழைய இதயத்தில் அந்த ஒட்டு உயிரோடு, புது ரத்தக் குழாய்களோடு இருந்ததாக 2025-இல் எழுதினார்கள். வேறொருவரின் செல் என்பதால் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து கூடவே தேவை. அத்தகைய ஒட்டை, பம்ப்பால் சுமை இறங்கிய ஓர் இதயத்தில் தைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.