உங்களுக்குத் தெரியுமா? 20 ரூபாய் தரகும் கரிசல்காட்டுச் சேமிப்பும்

பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதாவின் நிறுவனர் நிதின் காமத் பதினேழு வயதில் பங்கு வர்த்தகத்தில் இறங்கியவர். பணத்தை இழந்தபின் இரவில் கால் சென்டர் வேலை, பகலில் சந்தை என்று சில ஆண்டுகள் ஓட்டினார். 2010 ஆகஸ்ட் 15 அன்று பெங்களூரில் நிறுவனத்தைத் தொடங்கினார். வணிகத் தொகையில் இத்தனை சதவீதம் என்றிருந்த தரகு, அவரிடம் ஓர் ஆர்டருக்கு அதிகபட்சம் 20 ரூபாய் ஆனது. பழைய முறையில் ஒரு லட்சத்துக்கு அரை சதவீதம் என்றால் 500 ரூபாய். பெரிய கைகளுக்கு இந்த 20 ரூபாய் தரகு பெரும் லாபம். ஆனால் அருப்புக்கோட்டை நெசவாளருக்கும் திருச்சுழி மானாவாரி விவசாயிக்கும் முக்கியம், 2015 டிசம்பரில் வந்த மாற்றம்தான் என்பேன்: பங்கை வாங்கி, அதை மின்னணு வடிவில் காக்கும் டீமேட் கணக்கில் வைத்திருப்போருக்குத் தரகே இல்லை. மிளகாய் விற்ற காசில் சீட்டு, நகைக் கடன் வட்டி போக மிஞ்சுவது 2,000 ரூபாய் என்றால், அதில் தரகாகப் போகும் ஒவ்வொரு ரூபாயும் பெரிதல்லவா?

தரகு மலிந்ததால்தான் சூதாட்டம் பெருகியது என்பார்கள். அதில் நியாயம் உண்டு. 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் வருங்கால விலையை வைத்து ஒப்பந்தம் போடும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாகப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி அறிவித்தது. ஜெரோதாவின் வருமானத்தில் பெரும்பகுதியும் அங்கிருந்துதான் வந்தது. ஆனாலும் பங்கை வாங்கி வைப்பவரையும் அன்றாடம் வாங்கி விற்பவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. தரகு இல்லாவிட்டாலும் பரிவர்த்தனை வரி, முத்திரைத் தீர்வை, விற்கும்போது டெபாசிட்டரி கட்டணம் உண்டு. ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவருக்கு இவை சொற்பம். தினமும் புரட்டுபவருக்கு வரியும் கட்டணமும் சேர்ந்தே முதலீட்டை அரித்துவிடும்.