பிரேக் மிதிச்சா நிக்கணும் பாஸ்!

தாத்தாவோட பழைய அம்பாசடரைத் தூசு தட்டி ஓட்டிப் பார்க்கலாம்னு ஆசையா இறங்கினோம். ஷெட்டிலிருந்து வெளியே எடுக்கும்போது பிரேக்கை மிதிச்சா... பெடல் நேரா தரைக்கே போயிடுச்சு! வண்டி மெதுவா உருண்டதால ஹேண்ட் பிரேக் காப்பாத்துச்சு. காம்பவுண்ட் சுவர் தப்பிச்சது.

அடியில படுத்துப் பார்த்தா, பின்சக்கரத்துக்குப் போற ஸ்டீல் பைப்பில் ஊசி முனை அளவு ஓட்டை. அந்தக் கால அம்பாசடரில் நாலு சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட்தான். ஒரு இடத்தில் ஒழுகினா மொத்த பிரேக்கும் அவுட்! பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும். அதை வருஷக்கணக்கா மாத்தாம விட்டா, பைப் உள்ளேயிருந்தே துருப்பிடிக்கும். வெளிப்பக்கம் பளபளன்னு இருக்கேன்னு ஏமாந்துடாதீங்க.

"ஏசி காப்பர் பைப்பை வளைச்சுப் போட்டுடலாம் தம்பி. துருவே பிடிக்காது" என்றார் மெக்கானிக் அண்ணன். துரு பிடிக்காதுங்கறது நிஜம்தான். ஆனா ஒரு செம்புக் கம்பியை எடுத்து ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடக்கிப் பாருங்க. முதல்ல வெண்ணெய் மாதிரி வளையும், அப்புறம் விறைக்கும், கடைசியில் பட்டுனு உடையும். 'வொர்க் ஹார்டனிங்'னு மெட்டீரியல் சயின்ஸ் கிளாஸ்ல தூங்கிக்கிட்டே கேட்டோமே, அதேதான்! வண்டியின் அதிர்வு இதே வேலையைக் கொஞ்சம் கொஞ்சமா செஞ்சு விரிசல் விட வைக்கும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்? உறுதி ஜாஸ்தி. ஆனா முனையை விரிச்சு ஃப்ளேர் பண்றதுக்குள்ள கை கழண்டுடும். உலோகம் கடினமா இருக்கறதால நட்டை இறுக்கினாலும் சில சமயம் சரியா உட்காராம கசியும். சாதா ஸ்டீல் பைப் மலிவு, பலம். ஆனா மறுபடியும் துரு.

கடைசியில் மனசுக்குப் பிடிச்சது குப்ரோ நிக்கல். சுமார் 90 சதவிகிதம் செம்பு, 10 சதவிகிதம் நிக்கல். கையாலேயே வளைக்கலாம், அரிக்காது, அதிர்வையும் தாங்கும். வால்வோ கம்பெனி 1970-களிலேயே கார்களில் இதைப் போட ஆரம்பிச்சிடுச்சு. விலைதான் பர்ஸைக் கடிக்குது!

3/16 அங்குல பைப் வாங்கி, பழைய பைப்பையே அளவுக்கு வெச்சு வளைச்சோம். முனையில் டபுள் ஃப்ளேர். முதல் நாலு முனை கோணலாகி குப்பைக்குப் போச்சு. ரப்பர் ஹோஸையும் மாத்திட்டு, புது டாட் 3 ஆயில் ஊத்தி, காற்றை வெளியேத்தினோம்.

அண்ணன் வண்டியில் ஏறி பெடலை அழுத்திப் பிடிச்சுக்கிட்டார். நான் அடியில படுத்து ஒவ்வொரு நட்டையும் நியூஸ் பேப்பரால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பேப்பர் நனையல!