கலர் முடிவாயிடுச்சு... பினிஷ் என்ன?

பெயின்ட் கடைக்காரர் கலர் கார்டை விரித்து வைத்ததும் வீட்டில் ஒரு வாரம் பஞ்சாயத்து நடக்கும். ஒருவழியாகக் கலர் முடிவானதும், ''மேட் வேணுமா, சாட்டினா, கிளாஸா?'' என்று கேட்பார் அவர். ''ஏதோ ஒண்ணு, நல்லதா குடுங்க'' என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். சுவரைத் துடைக்க முடியுமா, அழுக்கு ஊறுமா, கண் கூசுமா என்பதெல்லாம் அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது!

விஷயம் ரொம்ப எளிது. பெயின்ட்டில் நிறம் தரும் பொடியும், அதைச் சுவரில் பிடித்து வைக்கும் பசையும் இருக்கின்றன. பசை அதிகமானால் பளபளப்பு, ஈரத்துணியால் துடைக்கலாம். பொடி அதிகமானால் மேட். மேடு பள்ளத்தை மறைக்கும், ஆனால் அழுத்தித் துடைத்தால் திட்டுத் திட்டாகிவிடும்.

தினமும் தாளிக்கிற சமையலறைக்கு மேட் சரிப்படாது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிவிட்டால் போகவே போகாது. சாட்டின் அல்லது செமி கிளாஸ் எமல்ஷன் அடியுங்கள். பென்சில் கிறுக்கல் பிள்ளைகள் உள்ள அறைக்கும் சாட்டின்தான். படுக்கையறைக்கும் எல்லா அறைகளின் சீலிங்குக்கும் மேட் போதும். கண்புரை உள்ள பெரியவர்களுக்கு, பளபளப்பான சுவரில் ட்யூப் லைட் பட்டுத் தெறித்தால் ரொம்பவே கூசும்.

பாத்ரூம் சீலிங்கில் கறுப்புப் புள்ளிகளா? அது பூஞ்சணம். அதன் மேலேயே பெயின்ட் அடித்தால் சில மாதத்தில் மறுபடி எட்டிப் பார்க்கும். வீட்டில் வீசிங் உள்ளவர் இருந்தால் இதை அலட்சியப்படுத்தவே கூடாது. முதலில் கசிவை அடையுங்கள், எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள். சுத்தம் செய்து நன்றாகக் காயவிட்டு, பிறகு செமி கிளாஸ் அடியுங்கள். ப்ளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவுகிறீர்களா? அதோடு ஆசிட்டை மட்டும் கலந்துவிடாதீர்கள். கிளம்புகிற குளோரின் வாயு நுரையீரலைப் பதம் பார்த்துவிடும்.

ஓதம் ஏறும் சுவருக்கு, ''எனாமல் அடிச்சிட்டா சரியாயிடும்'' என்பார் சில பெயின்டர்கள். ஆகாது! உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் காரை வீட்டுக்கு இன்றைக்கும் வெள்ளையடிப்பதே நல்லது. சுவர் மூச்சு விடும். சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணமும் சுலபத்தில் வராது.

இனி, கட்டாயம் படிக்க வேண்டிய விஷயம். கதவு, ஜன்னல், கிரில்லுக்கு அடிக்கும் எனாமலில் முன்பு ஈயம் தாராளமாகச் சேர்ந்திருந்தது. வீட்டு பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016-ல் வந்து, 2017 நவம்பர் முதல் அமலானது. புது டின் வாங்கும்போது லேபிளில் ஈயம் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஆனால், உங்கள் ஜன்னலில் அதற்கு முந்தைய பூச்சு இருக்கலாமே?

தவழும் குழந்தை அந்த ஜன்னல் கம்பியைத்தான் பிடித்து நிற்கும், கடிக்கும். உதிர்ந்த துகளைத் தொட்ட கையை வாயில் வைக்கும். ஈயம் வளரும் மூளையைப் பாதிக்கும். படிப்பில் பின்தங்கும், கவனம் சிதறும். இவ்வளவு போனால் பரவாயில்லை என்று சொல்ல பாதுகாப்பான அளவே கிடையாது.

அதனால், பழைய எனாமலை உப்புத்தாளால் காய்ந்தபடியே தேய்க்க விடாதீர்கள். வீடு முழுக்க ஈயத்தூள் பறக்கும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். கீழே பிளாஸ்டிக் ஷீட் விரித்து, தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பெயின்டரும் நல்ல மாஸ்க் போடட்டும், அவரும் பிள்ளை குட்டிக்காரர்தானே! கர்ப்பிணிகளும் குழந்தைகளும் வேலை முடியும்வரை அம்மா வீட்டில் இருக்கட்டும். ஏற்கெனவே குழந்தை துகளைத் தின்றிருக்குமோ என்று சந்தேகமா? டாக்டரிடம் சொல்லுங்கள், ரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதித்துவிடலாம்.

எனாமலில் கலக்கும் டர்பன்டைன் வாசனைக்குத் தலைவலி, கண் எரிச்சல் வரும். ஜன்னல்களைத் திறந்து வைத்து, சில நாட்கள் வேறு அறையில் படுங்கள். வீசிங் உள்ளவர்கள் வாசனை போன பிறகும் இரண்டு மூன்று நாள் பொறுப்பது நல்லது. சுவருக்கு, தண்ணீர் கலந்து அடிக்கும் 'லோ வி.ஓ.சி.' எமல்ஷனாகக் கேளுங்கள்.

தீபாவளிக்கு அவசர அவசரமாக அடிக்கிறோம், அப்போதுதான் மழையும் ஆரம்பிக்கிறது! பொங்கல் கழித்து, சுவர் காய்ந்ததும் அடித்தால் பூச்சு நிற்கும். அடித்து முடித்ததும் கலர் நம்பரையும் பினிஷையும் டைரியில் குறித்து வையுங்கள். அடுத்த முறை ஒரு மூலையை மட்டும் டச்சப் செய்ய வேண்டியிருந்தால் உதவும்.