குனிந்தால் அவள், நிமிர்ந்தால் அவனா?

நாளெல்லாம் சேற்றிலே குனிந்து களை பறிக்கிறாளே உழைப்பாளிப் பெண், அவள் முதுகை எண்ணிக் கருவி வரைந்த பொறியாளன் உண்டா, தோழரே?

உண்டு! பிலிப்பைன்ஸ் நாட்டு லாஸ் பானோஸ் நெல் ஆராய்ச்சி நிலையத்திலே உருவாயிற்று கோனோவீடர். எண்ணெய் கேளாது, புகை கக்காது. பல் வைத்த கூம்பு உருளை இரண்டு, நீண்ட கைப்பிடி ஒன்று. தள்ளினால் களை சேற்றிலே புதையும், மக்கி உரமாகும். 1983இல் மடகாஸ்கரில் பிறந்த திருந்திய நெல் சாகுபடியிலே, 25 சென்டிமீட்டர் சதுரமாய் நடச் சொல்வதே உருளை குறுக்கும் நெடுக்கும் ஓடத்தான்.

நடந்ததென்ன? நிமிர்ந்து தள்ளும் கருவி வந்ததும், பல ஊர்களில் அது ஆண்கள் கைக்குப் போயிற்று. குனிந்தவரை அவள் வேலை. நிமிர்ந்ததும் அவன் கூலி! கனம் அவளுக்கு ஒவ்வாதாம். ஒவ்வாத கனத்தைக் குறைப்பதுதானே ஐயா வரைபடக்காரர் வேலை? இலேசாக வரையட்டும், முதல் கருவியை அவளிடமே கொடுத்துத் தள்ளிப் பார்க்கச் சொல்லட்டும்.