சர்ப்பகந்தியின் வேர்

முழங்கால் உயரமே வளரும் செடி சர்ப்பகந்தி. அதன் வேரைச் சிறிது கடித்தாலே போதும், கசப்பு நாக்கை விட்டு எளிதில் போகாது. பாம்புக்கடிக்கும் மனநோய்க்கும் நம் நாட்டு வைத்தியர்கள் இவ்வேரைக் கொடுத்து வந்தனர். பாம்பு நஞ்சை இது முறிக்கும் என்பதற்குச் சான்றில்லை. மனநோய்க்கு இது பயன்பட்டதோ வெறும் நம்பிக்கையன்று.

1931இல் கல்கத்தாவில் சென், போஸ் என்னும் இருவர், இவ்வேர் மனக்கொதிப்பை அடக்குவதோடு இரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என்று எழுதினர். அதே ஆண்டில் டில்லியில் சலிமுசமான் சித்திக்கி இவ்வேரிலிருந்து ஓர் ஆல்கலாய்டைப் பிரித்தெடுத்து, ஹக்கீம் அஜ்மல்கானின் நினைவாக அதற்கு ‘அஜ்மலின்’ எனப் பெயரிட்டார். ஆல்கலாய்டு என்பது தாவரங்கள் உண்டாக்கும், நைட்ரஜன் கலந்த ஒருவகைச் சேர்மம். இவ்வேரில் அத்தகையவை ஐம்பதுக்கும் மேல். பெரும்பகுதி வேர்ப்பட்டையில்தான் உள்ளது. 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் வக்கீல், இரத்த அழுத்த நோயாளிகளிடம் கண்ட பலனை ஆங்கில இதழொன்றில் வெளியிட்டபின் மேல்நாட்டார் விழித்துக்கொண்டனர். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா ஆய்வுக்கூடத்தில் ‘ரிசர்பின்’ பிரித்தெடுக்கப்பட்டது.

ரிசர்பின் செய்வதென்ன? நரம்பு முனைகளில் நுண்ணிய பைகள் உள்ளன. நார்அட்ரினலின், டோபமின், செரட்டோனின் ஆகிய செய்தி கடத்தும் பொருள்கள் அவற்றில் சேமிக்கப்படுகின்றன. பைக்குள் அவற்றை ஏற்றும் புரதத்தை ரிசர்பின் முடக்கிவிடுகிறது. வெளியே தங்கும் பொருளை நொதிகள் சிதைத்துவிடும், பைகள் வெறுமையாகும். இரத்தக் குழாய்களைச் சுருக்கும் கட்டளை தளர்கிறது, அழுத்தம் இறங்குகிறது. ஆனால் மூளையிலும் இதே பைகள் உண்டல்லவா? அதனால்தான் மருந்துண்ட சிலருக்குக் கடும் மனச்சோர்வும், அளவு மிகுந்தபோது கைநடுக்கமும் உடல் விறைப்பும் கண்டன. மருந்தை நிறுத்திய பின்னும் விளைவு பல நாள் நீடிக்கும். வேர்ப்பொடியிலோ மருந்தின் அளவு வேருக்கு வேர் மாறும். அதைக் கேள்விப்பட்டதை நம்பித் தாமாக உண்பது ஆபத்து.

இந்தக் கெடுதலே ஒரு கண்டுபிடிப்புக்கு வழிகாட்டியது. 1957இல் சுவீடனில் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரிசர்பின் கொடுத்தார். அவை அசைவற்றுக் கிடந்தன. டோபமினாக மாறக்கூடிய எல்-டோபாவை ஊசியில் செலுத்தியதும் எழுந்து நடமாடின! டோபமின் குறைந்தால் உடல் இயக்கம் குன்றும் என்பது அப்போது தெளிவாயிற்று. கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இரத்த அழுத்தத்துக்கு ரிசர்பினைத் தருவது இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது. எல்-டோபாவோ பார்க்கின்சன் நோய்க்கு இன்றும் முதன்மையான மருந்து.